கிளிட்டஸின் பனி டயர்

கிளிட்டஸ் எதையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் நம்புவான். மீன் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்குமுன் மீனின் முதுகில் ஒரு அழுத்து. நாங்கள் வேலை பார்க்கும் டைல் கம்பெனியில் மண் அரைந்து வந்தால் அதை ஒரு பிடி பிடித்து அதிலும் ஒரு அழுத்து. லேபில் இருக்கும் படித்த பையன்கள் ஈரம் எவ்வளவு என்று மிஷினில் போட்டுச் சொல்வதற்குள் இவன் விரலை எடுத்துவிட்டு, "தண்ணி கூடிப்போச்சு" என்பான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதற்காகவே சூப்பர்வைசர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் இரண்டாம் நம்பர் சூளையில் நிற்பவன், என்னை இத்தனை வருடமாக "கில்ன் நம்பர் டூ" என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்த விரலைப் பார்த்தாலே எனக்கு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நாங்கள் இருவரும் நாகர்கோவில் பக்கம் மணல்துறை என்ற கடற்கரை ஊர்க்காரர்கள். அவன் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், நான் ஆறு வரை. அவன் முதலில் பஹ்ரைனில் ஒரு அரபியின் படகில் இரண்டு வருடம் மீன் பிடித்தான். அரபி படகை விற்றுவிட்டதும் ஊருக்கு வந்து, தொண்ணூற்றொன்றில் ராஸ் அல் கைமாவுக்கு இந்தக் கம்பெனியில் ஹெல்ப்பராக வந்தான். மூன்று வருடம் கழித்து எனக்கு விசா எடுத்து அனுப்பியவனும் அவன்தான். ஏர்போர்ட்டில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அவன்தான். ஒருவன் நமக்கு நல்லது செய்துவிட்டால் அவனைப் பார்த்து வயிறு எரிவதற்குக்கூட நமக்கு உரிமை இல்லாமல் போய்விடுகிறது. நான் அந்த உரிமையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் டெஸ்டில் அவன் முதல் தடவையிலேயே பாஸ். என்னை ஆறு தடவை "மாஃபி", கிடையாது என்று இறக்கிவிட்டார்கள். ஏழாவது தடவை கொடுத்தார்கள். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்க் கொடுத்திருப்பார்கள் என்று கிளிட்டஸ் எல்லோரிடமும் சொன்னான். அவன் தொண்ணூற்றெட்டு மாடல் வெள்ளைக் கொரோலா வாங்கினான். இரண்டு வருடம் கழித்து நானும் வெள்ளைக் கொரோலாதான் வாங்கினேன். தொண்ணூற்றெட்டுக்கு எவ்வளவோ அலைந்தேன், தொண்ணூற்றேழுதான் கிடைத்தது.

என் மனைவி சுகிர்தராணியும் அவன் மனைவி டெல்சியும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஏழுக்கு டியூட்டி. எனக்குச் சூளையில் இரவு ஷிஃப்ட், விடுவதே காலை ஏழுக்குத்தான். கிளிட்டஸுக்குப் பகல் ஷிஃப்ட். அதனால் தினமும் காலையில் அவன்தான் இருவரையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வேலைக்கு வருவான். "கிளிட்டஸ் அண்ணன் வண்டியில ஏசி குளுகுளுன்னு இருக்கு" என்று சுகிர்தராணி ஒரு நாள் சும்மா சொன்னாள். அன்றைக்கே என் வண்டி ஏசிக்கு கேஸ் நிரப்பினேன். அதில் ஏற அவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைத்தது.

ராஸ் அல் கைமாவில் எங்கள் ஊர்க்காரர்கள் இருபத்தெட்டு வீடு. சங்கம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைதான் இங்கே வார லீவு, அன்றைக்குப் பூசை முடிந்து கிளிட்டஸ் வீட்டில்தான் கூடும். ஊரிலிருந்து யார் வந்தாலும் சங்கத்தின் சார்பில் ஒருவர் துபாய் ஏர்போர்ட் போய்க் கூட்டிவர வேண்டும். இது பெட்ரோல் செலவுள்ள வேலைதான், ஆனாலும் ஆளுக்கு ஆள் ஆசைப்படுவார்கள். வந்து இறங்குகிறவன் முதலில் பார்க்கும் முகம், ஊருக்கு போன் போட்டு முதலில் சொல்லும் பெயர் கூட்டிவரப் போனவனுடையது. பதினைந்து வருடமாக அந்தப் பெயர் கிளிட்டஸ்.

இரண்டாயிரத்தாறு ஜூன் மாதம் எங்கள் ஊர்ச் சர்ச்சின் பங்குச் சாமியார் வருவதாக இருந்தது. வயதானவர், பங்குக்குப் புதிதாக வந்தவர், முதல் வெளிநாட்டுப் பயணம். மூன்றாவது வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு விமானம் இறங்கும். ஜூன் முதல் வெள்ளிக்கிழமை சங்கம் கூடியபோது செயலாளர் பெர்சி, வழக்கம்போல் கிளிட்டஸ் பெயரை எழுதப் போனான். நான் கையைத் தூக்கினேன்.

"இந்தத் தடவ நான் போறேன்."

பெர்சி எழுதுவதை நிறுத்தினான். கிளிட்டஸ்தான் கேட்டான். "எதுல?"

"வண்டியிலதான். ஒட்டகத்துலயா போவாவ?"

"அதுக்கில்ல மக்கா. ஒனக்க வண்டி டயரைப் பாத்தியா? ஒனக்க மண்டை மாதிரியே இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தராணி சமையலறை வாசலில் நின்றுகொண்டு, டெல்சியின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரித்தாள். எனக்கு நாற்பத்தாறு வயதில் தலையில் ஒன்றும் இல்லை, டயரிலும் ஒன்றும் இல்லை என்பது உண்மை. ஜூலையில் முல்கியா என்ற வண்டிப் பதிவு அட்டையைப் புதுப்பிக்க வண்டியைப் பாஸிங் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு எப்படியும் டயர் மாற்றத்தான் வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதை அவன் வாயால் கேட்பது வேறு.

"வெளிய வாங்க, டயர்னா என்னன்னு காட்டுதேன்" என்று கிளிட்டஸ் எல்லோரையும் தெருவுக்குக் கூட்டிவந்தான். அவன் வண்டியில் நான்கும் புதிதாகப் போட்டிருந்தான். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. "ஜெர்மனி மக்கா. சார்ஜாவுல கண்டெய்னர்ல வந்தது. ஒரு வருசம்கூட ஓடாத டயர். விரலை விட்டுப் பாருங்க."

ஒவ்வொருவராகக் குனிந்து டயரின் பள்ளத்தில் விரலை விட்டார்கள். "யம்மா, நகம் முழுசா முங்குதே" என்றான் ஒருவன்.

"அமுக்கியும் பாருங்க. பழைய டயர்னா கல்லாட்டம் இறுகிக் கிடக்கும். இது எப்படி அமுங்குது பாருங்க. எளசு. கடையில நூறு டயரை அமுக்கிப் பாத்து இந்த நாலை எடுத்தேன்."

நானும் விரலை விட்டேன். நகம் மறைந்தது. டயரின் பக்கவாட்டில் மலை போல ஒரு படம், அதற்குள் பூ மாதிரி ஒன்று. கம்பெனி முத்திரை என்று நினைத்தேன். அதைக்கூட அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

பெர்சி நல்ல பையன். சிமென்ட் கம்பெனியில் கிளார்க், யார் மனமும் நோகக் கூடாது என்று பார்ப்பவன். என் பக்கம் திரும்பினான். "ஞானையா அண்ணே, ஒண்ணு செய்வோம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள டயர் மாத்திட்டு வாங்க. எல்லாரும் பாப்போம். நல்லா இருந்தா இந்தத் தடவ சாமியார் உங்க வண்டியில."

"போகட்டும், போகட்டும். எனக்கும் ஒரு நாள் ரெஸ்ட்" என்றான் கிளிட்டஸ். அவன் விட்டுக்கொடுத்த அழகைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் வம்பு பண்ணியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை டியூட்டி முடிந்து தூங்காமல் சார்ஜா போனேன். கிளிட்டஸ் வாங்கிய அதே பழைய டயர் கடை. கடைக்காரர் முகம்மது யூசுப், காயல்பட்டினத்துக்காரர். முந்தின நாள்தான் ஊரிலிருந்து லீவு முடிந்து வந்திருந்தார். அவர் இல்லாதபோது கடையைப் பார்த்துக்கொண்டது அவருடைய கூட்டாளி.

"போன வாரம் ஒரு வெள்ளைக் கொரோலாவுக்கு நாலு ஜெர்மனி டயர் போட்டிருக்கீங்க. அதே மாதிரி எனக்கும் வேணும்" என்றேன். "அதைவிட ஆழமா இருந்தா இன்னும் நல்லது."

"ஆழமாவா? அண்ணாச்சி, நீங்க கேக்குறது டயரா, கிணறா?"

சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு டயரை உருட்டிவந்தார். அதே கறுப்பு. அழுத்தினேன், அமுங்கியது. விரலை விட்டேன், நகம் போய் அதற்கு மேலும் கொஞ்சம் போனது. எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. விலையும் நான் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் சொன்னார்.

"நாலையும் போடுங்க."

"போடலாம். வண்டி எங்க ஓட்டுறிய?"

"ராஸ் அல் கைமா."

"அங்க ரோட்டுல ஐஸ் கட்டிக் கிடக்கா?"

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் டயரைத் திருப்பி அந்த மலைப் படத்தைக் காட்டினார். "இது என்னன்னு தெரியுமா? மலை. உள்ள இருக்கது பூ இல்ல, பனி. இது பனி டயர் அண்ணாச்சி. அங்க குளிர்காலம் வந்தா இதைப் போடுவான், வெயில் வந்தா கழட்டிருவான். குளிருல இறுகிடக் கூடாதுன்னு ரப்பரை எளசாவே செஞ்சு வச்சிருக்கான். அதான் அமுக்குனா அமுங்குது. நம்ம ரோட்டுல, இந்த வெயில்ல, நூத்தி இருபதுல போனியன்னா அல்வாவா எளகும். பிரேக் புடிச்சா நிக்க வேண்டிய இடத்துல நிக்காது. ரொம்ப ஓட்டுனா பாளம் பாளமா உரியும்."

"அப்ப ஏன் விக்கிறீங்க?"

"கண்டெய்னர்ல கலந்து வருது. இதை ஒதுக்கி வச்சு ஈரானுக்கு மலைப்பக்கம் அனுப்புவோம். நான் இல்லாத நேரம் கூட்டாளி தெரியாம எடுத்துக் குடுத்துட்டான். வாங்குன ஆளும் ஒண்ணும் கேக்கலியாம். விரலால அமுக்கிப் பாத்துட்டு, இதான் வேணும்னு ஒரே புடியா நின்னாராம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. அந்த விரல் தோற்றுவிட்டது. மீனையும் மண்ணையும் அழுத்தி அழுத்திப் பெயர் வாங்கிய விரல் நாலு டயரில் ஏமாந்துவிட்டது.

யூசுப் வேறு நான்கு டயர் காட்டினார். ஜப்பான் டயர், போன வருடம் செய்தது, வெயிலுக்கு ஏற்றது. விரலை விட்டேன். அரை நகம். அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை இருபத்தெட்டு வீட்டுக்காரனும் குனிந்து விரலை விடுவான். கிளிட்டஸ் வண்டியில் முழு நகம், என் வண்டியில் அரை நகம் என்றால் முடிந்தது கதை. பனியாவது வெயிலாவது, யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு தடவை துபாய் போய் வர வேண்டும், அவ்வளவுதான். வந்ததும் மாற்றிவிடலாம். அவனும் அதில்தானே ஓட்டிக்கொண்டிருக்கிறான், இன்னும் ஒன்றும் ஆகவில்லையே. தகரக் கூரைக்குக் கீழே அந்த இரண்டு டயர்களுக்கும் நடுவில் ரொம்ப நேரம் நின்றேன். யூசுப் இரண்டு வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு வந்தார். நான் அங்கேயே நின்றேன்.

"ஏன் அண்ணாச்சி, பொண்ணா பாக்குறிய? எதையாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"இந்தப் பனி டயர்ல காலையில அரை மணி நேரம் மட்டும் ஓடுனா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"காலையில சூடு கம்மி, தப்பிக்கலாம். எல்லா நாளும் தப்பிக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். காலையில யாரு போறா?"

"எனக்க வீட்டுக்காரி. அந்தக் கொரோலாவுலதான் டியூட்டிக்குப் போறா."

யூசுப் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப இங்க நின்னு என்கிட்ட என்ன கேள்வி கேட்டுட்டு இருக்கிய?"

ஜப்பான் டயர் நான்கையும் போடச் சொன்னேன்.

சார்ஜாவிலிருந்து பாதி வழியில் உம் அல் குவைன் வரை சந்தோஷமாகத்தான் வந்தேன். வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் இதை எப்படிச் சொல்வது என்று வாய்விட்டுப் பேசிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எல்லோரும் விரலை விட்டு முடித்த பிறகு அந்த மலைப் படத்தைக் காட்ட வேண்டும். "கிளிட்டஸ், இது என்ன பூவா?" என்று கேட்க வேண்டும். அவன் முகம் போகும் போக்கை நினைத்து ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தேன். அதைத் தாண்டியதும், மறுநாள் காலை அந்த வண்டியில் ஏறப்போவது யார் என்பது நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றது.

சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்புமுன் சுகிர்தராணியிடம் சொன்னேன். "நாளையில இருந்து கிளிட்டஸ் வண்டியில ஏறாத. டாக்ஸியில போ."

"எதுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். "அப்ப இப்பமே போய்ச் சொல்லுங்க. நாலு வீடு தள்ளித்தான இருக்காரு. டெல்சியும் அதுலதான வாரா."

"வெள்ளிக்கிழமை சொல்லுதேன்."

"ஏன் வெள்ளிக்கிழமை?"

சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தேன். அவளுக்குப் பதினெட்டு வருடமாக என்னைத் தெரியும்.

"விபின் அப்பா," என்றாள். எங்கள் மகன் பெயர் விபின், நாகர்கோவிலில் ஹாஸ்டலில் படிக்கிறான். கோபம் உச்சிக்குப் போனால்தான் அவள் என்னை அப்படிக் கூப்பிடுவாள். "நீங்க அவருகிட்ட சொல்லுத வரைக்கும் நான் அந்த வண்டியிலதான் போவேன். வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"பைத்தியமா ஒனக்கு?"

"எனக்கா?"

நான் டியூட்டிக்குப் போனேன்.

புதன்கிழமை காலை ஆறு மணியிலிருந்து நான் சூளையைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஆறு இருபதுக்கு ஏறுவார்கள். ஆறரைக்கு அந்தப் பெரிய ரவுண்டானா. கல் குவாரி லாரிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் அங்கே திரும்பும். அங்கே பிரேக் பிடித்தே ஆக வேண்டும். ஆறு நாற்பதுக்கு ஆஸ்பத்திரி. மொபைலில் கூப்பிடலாம் என்றால் அவள் எடுக்க மாட்டாள் என்று தெரியும். ஏழு மணிக்குக் கேட் அருகே ஓடினேன்.

கிளிட்டஸ் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு, கார்டு பஞ்ச் பண்ண வரிசையில் நின்றான். வெள்ளிக்கிழமைக்காக நான் பேசிப் பார்த்தது ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"மக்கா, ஒனக்க டயர் பனி டயர். கழட்டிரு."

"என்னது?"

"பனியில ஓட்டுத டயர். வெயில்ல போடக் கூடாது. வழுக்கும், உரியும். கடைக்காரரே சொன்னாரு."

"எந்தக் கடைக்காரரு?"

"நீ வாங்குன கடைதான்."

"எனக்கு வித்தவன் எனக்கிட்ட சொல்லாததை ஒனக்கிட்ட சொன்னானாக்கும்?" வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிளிட்டஸ் கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "இதால அமுக்கிப் பாத்து எடுத்தது லேய்."

"அந்த விரலுக்கு மீனுதான் தெரியும். டயர் தெரியாது."

பின்னால் நின்ற ஒருவன், "ரெண்டு வருசம் முன்ன இங்க மலை உச்சியில பனி விழுந்துதுல்ல, அடுத்த தடவைக்குக் கிளிட்டஸ் அண்ணன் இப்பமே ரெடி" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. கிளிட்டஸ் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "சாமியாரைக் கூட்ட நீ போகணும்னா போ. நான் தடுக்கல. அதுக்கு எனக்க டயரைக் குத்தம் சொல்லாத. இவ்வளவு எரிச்சல் ஆகாது ஒனக்கு."

கார்டைப் பஞ்ச் பண்ணிவிட்டு உள்ளே போய்விட்டான். நான் உண்மையைச் சொன்னேன், ஆனால் அந்த உண்மை என் வாயிலிருந்து வந்ததால் யாருக்கும் அது உண்மையாகத் தெரியவில்லை. என்னைப் பற்றி ஊருக்கே தெரிந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"சொல்லிட்டேன், அவன் கேக்கல" என்று வீட்டில் சொன்னேன். சுகிர்தராணி, "சரி, நாளையில இருந்து நான் டாக்ஸியில போறேன்" என்றாள்.

"டாக்ஸி வேண்டாம், நானே வாரேன்." காலையில் என் இடத்துக்கு வரும் நேபாளியிடம் கெஞ்சி, ஒரு மணி நேரம் முன்னால் வரச் சொன்னேன். பதிலுக்குச் சாயங்காலம் அவனை நான் ஒரு மணி நேரம் முன்னால் விட வேண்டும். வியாழக்கிழமை முதல் நானே அவளைக் கொண்டுபோய் விட்டேன். இரவெல்லாம் விழித்த கண்ணோடு ஐம்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். "உங்க வண்டியிலயும் ஏசி நல்லாத்தான் இருக்கு" என்றாள். டெல்சியிடமும் டயர் விஷயத்தைச் சொன்னதாகச் சொன்னாள். "என்ன சொன்னா?" என்று கேட்டதற்கு, "சிரிச்சா" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பூசை முடிந்து கிளிட்டஸ் வீட்டுத் தெருவில் எல்லோரும் என் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் குனிந்து விரலை விட்டான். "அரை நகம்தான்."

இன்னொருவன் அழுத்தினான். "கல்லு மாதிரி இருக்கு. கிளிட்டஸ் அண்ணன் டயர்ல பாதிகூட வராது."

கிளிட்டஸ் வண்டியை யாரும் போய்ப் பார்க்கவில்லை. அதைத்தான் எல்லோரும் போன வாரமே பார்த்துவிட்டார்களே. புதன்கிழமை கேட்டில் நடந்த பேச்சும் அதற்குள் எல்லார் வீட்டுக்கும் போயிருந்தது. மலைப் படத்தைக் காட்டலாம் என்று காலெடுத்தேன், எரிச்சலில் சொல்கிறான் என்று மறுபடியும் சிரிப்பார்கள் என்று தோன்றி நின்றுவிட்டேன். பெர்சி என் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இந்தத் தடவையும் கிளிட்டஸ் அண்ணனே போகட்டும். நாப்பத்தாறு டிகிரி வெயிலு, சாமியாரும் வயசானவரு. பாதுகாப்புதான முக்கியம்."

பாதுகாப்பாம். நான் கிளிட்டஸைப் பார்த்தேன். போன வாரம் மாதிரி "போகட்டும், போகட்டும்" என்று இப்போது சொல்ல மாட்டானா என்று பார்த்தேன். அவன் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளிட்டஸ் துபாய்க்குப் போனான். நாங்கள் எல்லோரும் கோவில் வளாகத்தில் மாலையோடு காத்திருந்தோம். ஒரு மணிக்கு வந்துவிட வேண்டும். ஒன்றேகால் ஆனது, ஒன்றரை ஆனது. நான் மாதா சிலை இருக்கும் கெபி முன்னால் போய் நின்றேன். மாதாவே, ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டினேன். பிறகு, சாமியாருக்கு ஒன்றும் ஆகாமல், கிளிட்டஸுக்கும் ஒன்றும் ஆகாமல், டயருக்கு மட்டும் சின்னதாக ஏதாவது ஆகலாம் என்று வேண்டினேன். அது தப்பு என்று தோன்றி மறுபடி முதலிலிருந்து வேண்டினேன். முடிக்கும்போது மறுபடி அந்த டயரில்தான் போய் நின்றது.

இரண்டு மணிக்கு வெள்ளைக் கொரோலா வளாகத்துக்குள் வந்தது. சாமியார் இறங்கினார். "ரோடுன்னா இதுல்லா ரோடு! கிளிட்டஸ் கப்பல்ல கொண்டு வந்த மாதிரி கொண்டு வந்துட்டாரு" என்றார். பெட்டி வர நேரமாகிவிட்டதாம், அவ்வளவுதான். மாலை போட்டார்கள். படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் சாமியாருக்கு வலது பக்கம் கிளிட்டஸ்.

நான் வண்டியின் பின்பக்கம் போனேன். செருப்பு வாரைச் சரிசெய்வது மாதிரி குனிந்து டயரின் பள்ளத்தில் விரலை விட்டேன். அரை நகம். அழுத்தினேன், கல். மலைப் படம் இல்லை. என் வண்டியில் இருக்கும் அதே ஜப்பான் பெயர்.

"என்னலே தேடுத?"

தலைக்கு மேலே கிளிட்டஸ் நின்றான்.

"எப்ப மாத்துன?"

அவன் சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் சாமியாரோடு உள்ளே போயிருந்தார்கள். "நீ சொன்ன அன்னைக்குத்தான். டியூட்டி முடிச்சு நேரா சார்ஜா போனேன்."

புதன்கிழமை. அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் என் டயரில் விரல் விட்டுக் குறை சொன்னபோது, இருபதடி தள்ளி அவன் வண்டியிலும் அதே டயர்தான் இருந்திருக்கிறது.

"அன்னைக்கு ஏன் வாயைத் தொறக்கல நீ?"

"தொறந்தா? நாளைக்குக் கம்பெனியில மண்ணை அமுக்கிப் பாத்துச் சொன்னா எவன் நம்புவான்? சூப்பர்வைசர்கிட்ட போய் எவனாவது சொல்லுவான், இவன் விரலு டயர்ல ஏமாந்த விரலுன்னு." சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டான். "அதோட, சாமியாரைக் கூட்ட நீ போயிருப்ப."

"போனா என்ன? பதினஞ்சு வருசமா நீதான போற?"

"அதான் சொல்லுதேன். பதினஞ்சு வருசமா நான்தான் போறேன்."

எனக்கு அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் எனக்குப் புரியாதது ஒன்றுமே இல்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"எவ்வளவுக்குக் குடுத்தாரு?" என்று மட்டும் கேட்டேன்.

சொன்னான். நான் கொடுத்ததைவிட நாற்பது திர்ஹம் குறைவு.

சாப்பாடு முடிந்து வீட்டுக்குப் போகும்போது சுகிர்தராணியிடம் சொன்னேன். ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவள் ஏசியின் காற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தெரியும். டெல்சி வியாழக்கிழமையே சொல்லிட்டா. யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டா."

"அப்ப ஒரு வாரமா நான் தூங்காம கொள்ளாம ஒன்னைக் கொண்டு விட்டேனே? அன்னைக்கே நீ அவன் வண்டியில போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிக்னல் பச்சையாகிப் பின்னால் நின்றவன் ஹார்ன் அடிக்கும் வரை நான் வண்டியை எடுக்கவில்லை.

நேபாளியோடு பேசிவைத்த அந்த ஒரு மணி நேர ஏற்பாடு இன்றைக்கும் நடக்கிறது. டெல்சியைக் கிளிட்டஸ் தனியாகத்தான் கொண்டு விடுகிறான். இதைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்டதில்லை. கேட்க ஆசைதான்.

கிளிட்டஸ் அந்தப் பனி டயர்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏமாந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் அல்லவா. வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் நான்கையும் போட்டான். டெல்சி அதில் மண் நிரப்பி, ஒன்றில் கறிவேப்பிலை வைத்தாள். இந்த மண்ணில் கறிவேப்பிலை பிடிப்பதே அபூர்வம். நாங்கள் மூன்று தடவை வைத்து மூன்றும் கருகிவிட்டது. அந்தப் பனி டயருக்குள் மட்டும் அது ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது. இருபத்தெட்டு வீட்டுக்கும் அங்கிருந்துதான் இலை போகிறது. அது எந்த டயர் என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

போன வாரம் சுகிர்தராணி ஒரு கொத்து பறித்துவரச் சொன்னாள். போனேன். யாரும் பார்க்கவில்லை என்று குனிந்து மண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அப்படி என்னதான் போட்டிருக்கிறான் என்று. ஈரம் சரியாக இருந்தது.